வீட்டுக்குப் பத்துக் குடம்

என் வீட்டுக்காரருக்கு இரக்க குணம் அதிகம். ஊரில் எல்லாரும் அதைப் புகழ்ச்சியாகச் சொல்வார்கள். கூடக் குடும்பம் நடத்தியவளுக்குத்தான் தெரியும், அது ஒரு வியாதி. தெருநாய்க்குக் கால் ஒடிந்தால் என் சேலையைக் கிழித்துக் கட்டுவார். அது பழசா, தீபாவளிக்கு எடுத்ததா என்று கூடப் பார்க்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடு, நடுவில் முற்றம், மூலையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு அறை, அதற்குப் பின்னால் ஓர் அடுப்படி. அடுப்படிக்குள் ஒரு ஆள் போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற ஆள் வெளியே வர வேண்டும். அதில் நான், அவர், மகன், மகள் என்று நாலு பேர். நான் பகலில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்.

ஒரு ஆகஸ்ட் மாதச் சாயங்காலம் மனுஷன் தனியாக வரவில்லை. பின்னால் ஒரு அம்மாவும் அவள் மகளும் நின்றார்கள். கையில் ஒரே ஒரு பை.

"இவிய சிலோன்காரவிய. எப்போதும்வென்றான் ஊருக்கு அங்கிட்டு முகாம்ல இருக்காவ. இந்தப் புள்ள நம்ம ஸ்கூல்ல பத்தாவது படிக்குது. பஸ்ஸு வந்து சேருததுக்குள்ள ரெண்டு பீரியடு முடிஞ்சிருது. அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது. பரீட்சை வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டுமேன்னு…" என்று இழுத்தார்.

"பரீட்சை எப்போ?"

"மார்ச்சு கடைசில ஆரம்பம்" என்றார், ஏதோ நாளன்றைக்கு என்பது மாதிரி.

அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய் என்ன சொன்னது தெரியுமா? "வாங்கக்கா, வாங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க." வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் இப்படிச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று மறுநாள் மத்தியானம் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பிட வந்தேன். வாசலிலேயே அசந்துவிட்டேன். தரை பளபளவென்று இருந்தது. சுவர்கூடக் கழுவப்பட்டிருந்தது. கொடியில் எங்கள் நாலு பேர் துணியும், படுக்கை விரிப்பும், நான் ஆறு மாதமாகத் துவைக்க நினைத்துக்கொண்டிருந்த ஜன்னல் திரையும் காய்ந்துகொண்டிருந்தன. பாத்திரங்களில் முகம் பார்க்கலாம். முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கரிசல் புழுதி அடங்கிக் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடடா, இப்படி ஒரு மகராசியைப் போய் மனசுக்குள் வைதேனே என்று நினைத்தேன். அந்த நினைப்பு அரை நிமிஷம் நீடித்திருக்கும். அதற்குள் ஏதோ தோன்றி அடுப்படிக்குப் போய் டிரம்மின் மூடியைத் திறந்தேன்.

அடியில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது.

கோவில்பட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்போதெல்லாம் எங்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். தெருமுனை அடிகுழாயில் அரைமணி அடித்தால் இரண்டு குடம் வரும், அதுவும் உப்புத் தண்ணீர். கழுவ, துவைக்க, கக்கூஸுக்கு எல்லாம் அதுதான். நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. குளிப்பது அந்தந்த வாரத்து நிலவரத்தைப் பொறுத்தது. முந்தின நாள்தான் தண்ணீர் வந்து டிரம்மை நிரப்பி வைத்திருந்தேன்.

"அக்கா, தண்ணி?" என்றேன்.

அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். "கிணறு எங்கை எண்டு தேடினனான் தங்கச்சி, காணேல்லை. அதாலை இதிலை அள்ளினனான். பின்னேரம் நிரப்பி விடுறன். நீங்கள் எங்கை அள்ளுறனீங்கள்?"

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கழுவிய தரைதானே, உட்கார்ந்தால் என்ன?

விஷயம் புரிந்ததும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறாம். வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுவார்களாம். வளர்கிற தென்னைக்கும் வாழைக்கும் போக மிச்சம் ஓடுமாம். அந்த ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் புருஷன் நின்றுவிட்டார். ரொம்ப நாளாகக் கடிதம் வரவில்லை.

இப்போது வளவின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். முற்றத்தில் பள்ளம் தோண்டி அதற்குள் ஒரே ஒரு குழாய். அதற்குத் தகர மூடி, மூடிக்குப் பூட்டு. சாவி என்னிடம். வீட்டுக்குப் பத்துக் குடம், அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.

எதிர்வீட்டில் ஒன்பது பேர். எதிர்வீட்டுக்காரி வீட்டில் இருந்தபடி பிள்ளைகளோடு தீப்பெட்டி ஒட்டுவாள், புருஷன் மூட்டை தூக்குவார். ஏழு பிள்ளைகள். இரண்டு வருஷம் முன்னால் அவள் ஒரு நியாயம் கேட்டாள். "மதினி, வீட்டுக்கு இத்தனைன்னு வேண்டாம், ஆளுக்கு இத்தனைன்னு வைப்போம்." நான் முற்றத்தில் நின்று, ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "நீ பெத்துப் போட்டதுக்கெல்லாம் வளவு தண்ணி ஊத்தணுமாட்டீ?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். சட்டம் நிலைத்தது. அன்றைக்கு எனக்கு என்ன பெருமை!

இப்போது என் வீட்டில் ஆறு பேர். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பசை தடவியபடி, என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, என்ன, கூட ரெண்டு குடம் வேணுமா?"

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றேன்.

செத்தாலும் கேட்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அந்தப் பன்னிரண்டு நாளும் நாங்கள் ஆறு பேரும் சாமியார்கள் மாதிரி இருந்தோம். சோடாக் கடையில் இரண்டு குடம், ஆபீஸில் தெரிந்தவளிடம் ஒரு குடம் என்று காலம் ஓடியது. அதற்குப் பிறகு குளியல் எல்லாமே பேசினுக்குள்தான். பெரிய அலுமினியப் பேசினுக்குள் நின்று குளிக்க வேண்டும். விழுந்த தண்ணீரில் துணி அலச வேண்டும். அலசிய தண்ணீர் கக்கூஸுக்கு. அந்த அக்கா இதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஒரு மாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள். அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவி, அதே தண்ணீரில் பாத்திரத்தின் பற்று ஊறவைத்து, கடைசியில் வாசலில் தெளிப்பாள். என் மகன் அரைத் தம்ளர் தண்ணீரை மீதம் வைத்தால் அவள்தான் முதலில் முறைப்பாள்.

படுக்கை ஏற்பாடு இப்படி. அறைக்குள் ஒரு பாயில் நானும் அக்காவும், இன்னொரு பாயில் இரண்டு பெண்பிள்ளைகள். என் வீட்டுக்காரரும் மகனும் முற்றத்தில். இரக்கப்பட்டவருக்கு எட்டு மாதச் சந்நியாசம் கிடைத்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நல்லா வேணும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர்கள் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பெரிய இம்சை. குறை இருந்தால் சண்டை போடலாம். முகாமில் செக்கிங் என்றால் இரண்டு பேரும் விடியக்காலை பஸ் பிடித்துப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, வரும்போது அங்கே கொடுக்கிற ரேஷன் அரிசியை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை சத்தம் போட்டுத்தான் படிக்கும். என் பிள்ளைகளுக்கும் அறிவியல் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. "இவள் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணினால் எனக்குக் காணும் தங்கச்சி. ரெண்டு தரம் பள்ளிக்கூடம் நிண்டு போச்சுது. மூண்டாம் தரமும் நிண்டால் இவள் படிக்கவே மாட்டாள்" என்று அக்கா சொல்வாள். பாயில் படுத்துக்கொண்டு தினமும் அதே பேச்சுத்தான்.

ஒரு நாள் அவள் புட்டு அவித்துச் சம்பல் அரைத்தாள். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆகா!" என்றார். கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம். என் சமையலுக்கு அந்த வாயிலிருந்து "ம்" தவிர வேறு சத்தம் வந்ததில்லை. அன்றைக்கு நான் தட்டைக் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம் எனக்கு மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி. ஆபீஸில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நிமிஷம், ஒரே பத்து நிமிஷம், யாரும் இல்லாமல் படுக்க வேண்டும். அறையில் ஸ்டடி லீவில் அந்தப் பிள்ளை ஆசிட், ஆல்கலி என்று கத்திக்கொண்டிருந்தது. அடுப்படியில் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் எதிர்வீட்டுப் பட்டாளம். கக்கூஸ் வாசலில் ஆள். உட்கார்ந்து அழக்கூட எனக்கென்று ஒரு மூலை இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அண்ணாச்சி தலைவாசலில் வந்து நின்றார். பஜாரில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்த, வளவின் சொந்தக்காரர்.

நான் அவரைக் கொடி கட்டியிருந்த பின்பக்கச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, அவிய வந்து மாசக்கணக்காச்சு. என்னால சொல்ல முடியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்" என்றேன்.

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? நான்தான் சொன்னேன். பரீட்சை முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள் என்று அவர் பக்குவமாகச் சொல்வார், நான் நல்லவளாகவே இருந்துகொள்ளலாம் என்பது என் கணக்கு. ஆனால் அண்ணாச்சிக்குப் பக்குவம் எல்லாம் கடலைமிட்டாய்ப் பாகில்தான். மறுநாள் காலையில் முற்றத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டார்.

"சிலோன்காரவியள வீட்டுல வச்சா நாளைக்கு போலீஸ் என்னையத்தான கேக்கும்? வார வெள்ளிக்கிழமைக்குள்ள அவிய போயிரணும். இல்லன்னா நீங்களும் சேந்து காலி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து தலையை எண்ணிப் பாப்பேன்."

அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. முகாமில் ஒரே கொட்டகையைச் சேலை கட்டிப் பிரித்து எத்தனையோ குடும்பம். படிக்க வெளிச்சம் கிடையாது, காலையில் நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. அக்கா, "சரி ஐயா, போறம்" என்றாள். உள்ளே போய் அந்தப் பையை எடுத்தாள். அவள் துணியை மடித்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. எத்தனை தடவை இப்படி மடித்திருந்தால் கைக்கு அந்த வேகம் வரும்! என் தலைவலி போன இடம் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரிதான் பசைக் கையோடு எழுந்து வந்தாள்.

"மதினி, ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்கு அனுப்புங்க."

"உங்க வீட்டுக்கா? அங்கன ஏற்கெனவே ஒம்பது பேருட்டீ!"

"அதான் சொல்லுதேன். நாலு பேரு வீட்டுல ரெண்டு பேரு கூடுனா தெரியும். எங்க வீட்டுல எத்தனை பேருன்னு எனக்கே சரியாத் தெரியாது. அண்ணாச்சிக்கு எங்க தெரியப்போவுது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பசை ஒட்டியது. அவள் கையை விடுவிக்கவில்லை. "ஆனா ஒண்ணு மதினி. தண்ணி இனிமே ஆளுக்குத்தான். அதை நீங்களே உங்க வாயால சொல்லணும், முத்தத்துல நின்னு."

சொன்னேன். முற்றத்தில் நின்று, ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே ஆளுக்கு இத்தனைன்னு வச்சுக்குவோம், நான் அன்னைக்குப் பேசுனது தப்பு" என்றேன். சாவியையும் அவளிடமே கொடுத்தேன். எதிர்ப்பு தெரிவித்தவர் ஒருவருமில்லை. எல்லாருக்கும் அண்ணாச்சி மேல் கோபம் இருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குள் வந்து தலையை எண்ணுவேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தார். எங்கள் வீட்டில் நாலு பேர் கணக்காக உட்கார்ந்திருந்தோம். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

உள்ளே பெரிய கூட்டமே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை எதிர்வீட்டுப் பெரிய மகளின் பாவாடை தாவணியில், தலையைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் தாவணிக்கு அடியில் வரலாற்றுப் புத்தகம். அக்கா மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு பசை காய்ச்சினாள். அண்ணாச்சி விரலை நீட்டி எண்ணினார். எட்டு வரை வந்தபோது இரண்டு பொடிசுகள் அவர் காலுக்கு நடுவே வெளியே ஓடின. மறுபடி ஆரம்பித்தார். பத்து வந்தது. வெளியே ஓடியவை ஜன்னல் வழியாக உள்ளே குதித்தன. பன்னிரண்டு வந்தது. பஜாரில் ஆயிரம் மிட்டாய்ப் பாக்கெட்டைக் கண்ணாலேயே எண்ணுகிற மனுஷனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு மொத்தம் எத்தனை புள்ளைக?"

எதிர்வீட்டுக்காரி சடாரென்று காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயய்யோ அண்ணாச்சி! பெத்த புள்ளைகள பெத்தவ எண்ணக் கூடாதும்பாகளே! வெள்ளிக்கிழமை அதுவுமா வாசல்ல நின்னு விரலை நீட்டி எண்ணுதீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு பொறுப்பு? உங்களுக்கும் புள்ளைக இருக்குல்லா?"

நீட்டிய விரல் மடங்கியது. அண்ணாச்சிக்கும் நாலு பிள்ளைகள். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏ தாயி, நான் எண்ணலம்மா, சும்மா பாத்தேன்" என்று பின்பக்கமாகவே நடந்து வந்தார். தலைவாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை இன்றுவரை என்னால் முடிவு பண்ண முடியவில்லை.

அவர் தெருவைத் தாண்டியதும் வளவே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பிள்ளை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பகலில் அங்கே, இருட்டினால் இங்கே என்று ஓட்டினார்கள். பரீட்சை அன்று காலையில் ஆறு வீட்டிலிருந்தும் வீட்டுக்கொரு வாளி தண்ணீர் வந்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பேசினை ஓரமாகத் தள்ளிவிட்டு, எண்ணெய் தேய்த்து, அக்கா மகளுக்குத் தலைக்கு ஊற்றினாள். தண்ணீர் சும்மா ஓடுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒருவருக்கும் மனசு பதறவில்லை என்றால் பொய்.

எல்லாப் பரீட்சையும் எழுதினாள். நன்றாக எழுதினேன் என்றாள். அந்த வாரமே அவர்கள் முகாமுக்குத் திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை இடம் பிடிக்க உள்ளே ஏறிவிட்டது. அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் சந்துக்குள்ளை அண்ணாச்சியோடை கதைக்கேக்கை, நான் கொடிக்கு அங்காலை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான்."

நான் கையை உருவப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"அதை மனசிலை வச்சிருக்காதையுங்கோ. ஏழு மாதம் பொறுத்துப்போட்டுத்தானே சொன்னீங்கள். நான் எண்டால் ஒரு மாதத்திலையே சொல்லியிருப்பன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். நான் பையை அவளிடம் கொடுத்தேன். எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவள் சொல்லியிருக்க மாட்டாள். எட்டு மாதம் ஒரே பாயில் படுத்தவளைப் பற்றி எனக்குத் தெரியாதா?